நாடகத்தில் பிரியும் சோடிகளும் நம் ஊர் எழுத்தும்

‘குடும்பத்தோடு இருந்து பார்க்கலாம்’ என்று பெயரெடுத்த தொலைக்காட்சி நாடகங்களில் எந்தச் சோடியும் ஆறு மாதம் நிம்மதியாக வாழ்வதில்லையே, ஏன்? திருகோணமலையில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் அன்புவழிபுரத்திலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எழும் கேள்வி இது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது: ‘இரண்டு பேரும் சம்மதித்தால் ஆறு மாதத்தில் விவாகரத்துக் கிடைத்துவிடுமாமே, நாடகத்தில் அப்படித்தானே காட்டினார்கள்?’

முதல் கேள்விக்கான விடை சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே திரையில் கலந்து வருவதால் ஏற்படும் குழப்பம் சிறியதல்ல. நாடகத்தில் கண்ட சட்டத்தை நம்பி ஒரு மகளின் வாழ்க்கையில் முடிவெடுத்தால், அது வருடக் கணக்கான அலைச்சலில் கொண்டுபோய் விடும். ஆகவே அடியிலிருந்து தொடங்குவோம்.

குடும்ப நாடகம் என்றால் என்ன?

காதல் படத்தில் இருவர் சேர்ந்தால் கதை முடிந்தது. குடும்ப நாடகத்தில் கதை அங்கேதான் தொடங்குகிறது. நாயகன் நாயகி என்று யாரைக் காட்டினாலும் கதையின் நடுவில் நிற்பது குடும்பம்தான். 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடிய ‘மெட்டி ஒலி’யை ஒரு தகப்பனும் ஐந்து மகள்மாரும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2018இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ ஒரு மளிகைக் கடையையும் அண்ணன் தம்பிகளையும் சுற்றியது. இவற்றில் காதலுக்கும் பிரிவுக்கும் தனி மதிப்பு இல்லை. குடும்பம் என்ற மரத்தை உலுக்கிப் பார்க்கும் காற்றாகத்தான் அவை வருகின்றன. மரம் விழக்கூடாது என்பது இந்த வகையின் எழுதப்படாத ஒப்பந்தம். ‘நல்ல நாடகம், பிள்ளைகளும் பார்க்கலாம்’ என்று நாம் சொல்லும்போது அந்த ஒப்பந்தத்தைத்தான் பாராட்டுகிறோம்.

இது தமிழுக்கு மட்டும் உரிய வகையல்ல. அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை ‘செவன்த் ஹெவன்’ என்று ஒரு தொடர் ஓடியது. ஒரு போதகர், அவர் மனைவி, ஏழு பிள்ளைகள். பிள்ளைகளின் காதலும் முறிவும் அதிலும் நிறைய வந்தன. லூசி என்ற மகள், ஜெரமியுடன் செய்த நிச்சயத்தை முறித்துக்கொள்கிறாள். ஆனால் அங்கே ஒரு முறிவை வீட்டார் பேசித் தீர்த்து, அடுத்த அத்தியாயத்தில் வேறொரு பிள்ளையின் கதைக்குப் போக முடிந்தது. நம் நாடகங்களால் அப்படிப் போக முடிவதில்லை.

சோடிகள் ஏன் பிரிந்துகொண்டே இருக்கின்றன?

1. எண்ணிக்கை. செவன்த் ஹெவன் 11 பருவங்களில் மொத்தம் 243 அத்தியாயங்கள். கிழமைக்கு ஆறு நாள் ஓடும் தமிழ் நாடகம் அந்த எண்ணிக்கையை நாற்பத்தொரு கிழமையில் தொட்டுவிடும். அங்கே பதினொரு வருடம் தாங்கிய கதையின் அளவை இங்கே பத்து மாதத்துக்குள் தீர்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மூன்று நான்கு வருடம் ஓட வேண்டும். சமாதானமாக வாழும் கணவன் மனைவியை வைத்து நாளொன்றுக்கு இருபது நிமிடத்தை நிரப்புவது கடினம். அவர்களைப் பிரித்துவிட்டால் இரண்டு வீட்டார், இரண்டு நியாயம், நடுவில் ஒரு தூது என்று ஒரு மாதம் ஓடிவிடும். திருப்பிச் சேர்த்தால் இன்னொரு மாதம்.

2. ஒரே வீடு. எனக்கு இதுதான் முக்கியமான காரணமாகப் படுகிறது. தினத்தொடரின் பெரும்பகுதி ஒரே வீட்டில் எடுக்கப்படுகிறது. வாடகைக்கு எடுத்த வீடாகவும் இருக்கலாம், தளத்தில் போட்ட வீடாகவும் இருக்கலாம். கூடம், சமையலறை, மாடிப்படி, பூசையறை. விளக்குகளும் கமெராவும் ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு பாத்திரம் அந்த வீட்டைவிட்டு நிரந்தரமாகப் போய்விட்டால், அவருக்காக வேறோர் இடத்தில் படப்பிடிப்பு வைக்க வேண்டும். அது செலவு. ஆகவே மணமுறிவு நடந்தாலும் இருவரும் அந்தக் கூரையைவிட்டு அகல முடியாது.

2020இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’யைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கோபி தன் மனைவி பாக்கியாவை விவாகரத்துச் செய்து, பழைய காதலி ராதிகாவை மணக்கிறார். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி விவாகரத்துக்குப் பின்னும் தலைநிமிர்ந்து உழைத்து வாழலாம் என்று வீட்டுக்கு வீடு காட்டிய நாடகம் அது. அந்த அளவில் அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் மறுமணம் செய்த கோபி, ராதிகாவையும் அழைத்துக்கொண்டு பாக்கியா இருக்கும் அதே வீட்டுக்கே குடிவருகிறார். முன்னாள் மனைவி அடுப்படியில், புதிய மனைவி மாடியில். ‘எந்த ஊரில் இப்படி நடக்கும்?’ என்று கேட்டவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஊரில் நடக்காது. தளத்தில் நடக்கும்.

3. டி.ஆர்.பி. ஒரு நிகழ்ச்சியை எத்தனை வீடுகள் பார்த்தன என்பதன் அளவு இது. இந்தியாவில் இதைக் கணக்கிடும் அமைப்பின் பெயர் ‘பார்க்’ (BARC). தெரிவுசெய்த வீடுகளில் கருவி பொருத்தி, கிழமைக்கு ஒருமுறை புள்ளி வெளியிடுகிறது. புள்ளி இறங்கினால் அடுத்த கிழமையே கதையின் போக்கு மாறும். கலியாணம் நின்றுபோவதும் பழைய காதலி திரும்பி வருவதும் பல நேரம் இறங்கிய புள்ளியை ஏற்றுவதற்காகத்தான். அந்தக் கருவி இந்திய வீடுகளில் மட்டுமே இருக்கிறது. நிலாவெளியில் ஒரு அம்மா கண்ணீர் விட்டாலும், கோபத்தில் ரிமோட்டை எறிந்தாலும் அது எந்தக் கணக்கிலும் சேராது. நம்மை நினைத்து யாரும் அந்தக் கதையை எழுதுவதில்லை.

4. நடிகர் விலகல். ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற எழுத்து திரையில் வந்ததும் எல்லோருக்கும் விளங்கிவிடும். பாண்டியன் ஸ்டோர்ஸில் முல்லை என்ற பாத்திரத்தில் அடுத்தடுத்து மூன்று நடிகைகள் நடித்தார்கள். ஆள் மாற்ற முடியாத இடங்களில் அந்தப் பாத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது பிரித்துவிடுவார்கள்.

எப்போதும் ஒரு குற்றவாளி

காரணங்களைவிட எனக்குக் கவலை தருவது, அந்தப் பிரிவு காட்டப்படும் விதம். வழக்கமான காட்சி ஒன்றை நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். மாடிப்படியின் நடுவில் வில்லி நிற்கிறாள். கீழே கூடத்தில் நாயகி ஒரு பெட்டியோடு நிற்கிறாள். மாமியார் முகத்தைத் திருப்புகிறார். அந்தத் திருப்பம் மூன்று கோணத்தில் மூன்று முறை வருகிறது. கணவன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கிறான். ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டால் போதும், கதை முடிந்துவிடும். அதனால்தான் அவன் கேட்பதில்லை. அவள் வாசலைத் தாண்டும்போது வில்லியின் உதட்டில் ஒரு சிரிப்பு.

குடும்பம் விழக்கூடாது என்ற ஒப்பந்தம் இருப்பதால், கணவனும் மனைவியும் தாமாகவே ஒருவரில் ஒருவர் அன்பு குறைந்து பிரிந்தார்கள் என்று இந்த நாடகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் குடும்பமே பிழை என்று ஆகிவிடும். ஆகவே வெளியிலிருந்து ஒருவர் சதி செய்ய வேண்டும். மாற்றிய மருந்து, திருடிய கடிதம், பாதி கேட்ட பேச்சு. சதி வெளிச்சத்துக்கு வந்ததும் அன்பு பழையபடி திரும்பிவிடும்.

உண்மையான வீடுகளில் நடப்பது வேறு. சவூதியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்த கணவனும், அந்த ஐந்து வருடமும் தனியே வீட்டை நடத்திய மனைவியும் ஒரே அறையில் பேச எதுவும் இல்லாமல் இருப்பார்கள். குடி இருக்கும், கடன் இருக்கும், அடி இருக்கும். சில வேளை எதுவுமே இருக்காது, ஒத்துவரவில்லை அவ்வளவுதான். ஆனால் மகள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நாம் முதலில் கேட்பது ‘யார் பிரித்தது?’ என்றுதான். மச்சாளா, மாமியாரா, கந்தோரில் யாராவதா? அந்தப் பிள்ளை சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

நாடகத்துச் சட்டமும் நம் சட்டமும்

இனி இரண்டாவது கேள்வி. நாடகத்தில் வரும் ‘பரஸ்பர சம்மத விவாகரத்து’ இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 13பி என்ற பிரிவாக 1976இல் சேர்க்கப்பட்டது. அதன்படி:

1. கணவனும் மனைவியும் குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

2. இருவரும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும்.

3. ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றம் வந்து அதே முடிவைச் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

கூடத்தில் வைத்து ஒரு தாளை நீட்டி, கண்ணீர் சொட்டக் கையெழுத்து வாங்கி, அத்துடன் ‘விவாகரத்து ஆகிவிட்டது’ என்பது இந்தியாவிலும் செல்லாது. மனுவை விசாரித்து, சம்மதம் உண்மையானதா என்று பார்த்து நீதிமன்றம்தான் கட்டளை இட வேண்டும்.

இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு அடிப்படை 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது விவாகரத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: திருமணத்துக்குப் பின் பிறர் உறவு, வன்மமாகக் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை. ‘இருவருக்கும் விருப்பமில்லை’ என்பது இந்த மூன்றில் இல்லை. பிரிய விரும்பும் இருவரும் எவ்வளவு நாகரிகமாகப் பேசி முடிவெடுத்தாலும், ஒருவர் வழக்காளியாகவும் மற்றவர் எதிராளியாகவும் நின்று, ஒருவரின் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். வென்றாலும் முதலில் கிடைப்பது இடைக்காலக் கட்டளைதான். குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே அது முற்றான கட்டளையாகும். அதுவரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவிதான்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் உண்டு. இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாரத் என்ற வழியும் அதில் இருக்கிறது. ஆகவே ஒரே நாடகத்தைப் பார்க்கும் இரண்டு தமிழ் பேசும் வீடுகளுக்கு, குடாவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் வேறு.

இங்கே ஒரு விபரீதம் நடக்கிறது. நாடகம் கதைக்காக ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. நம் பொதுச் சட்டம் வழக்குக்காக ஒரு குற்றவாளியைக் கேட்கிறது. நாடகத்தில் பழகிய மனம் நீதிமன்றப் படியேறும்போது குற்றம் சாட்டுவதற்குத் தயாராகவே இருக்கிறது. நல்லபடி பிரிந்திருக்கக்கூடிய இருவர், பிள்ளைகளின் பள்ளிச் செலவைக்கூடப் பேசித் தீர்க்க முடியாத பகையாளிகளாக வெளியே வருகிறார்கள்.

எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

நாடகங்கள் ஒருபோதும் காட்டாத பிரிவு ஒன்று நம் ஊரில் உண்டு. தமிழ்நாட்டு நாடகத்தில் தாலி ஏறினால்தான் கலியாணம். மணவறையில் கடைசி நொடியில் ‘நிறுத்துங்கள்!’ என்று ஒரு குரல் வந்தால் கலியாணம் நின்றுவிடும், அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். நமக்கு அப்படியல்ல. நம்மிடம் ‘எழுத்து’, அதாவது விவாகப் பதிவு, இருக்கிறது.

பெண் வீட்டு ஹோலில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, பக்கத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும். விவாகப் பதிவாளர் பெரிய புத்தகத்தை விரித்து வைக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்திடுகிறார்கள், சாட்சிகள் இடுகிறார்கள். மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, படம் எடுக்கிறார்கள். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டியில் ஏறுகிறார்கள். மாப்பிள்ளையும் அவர்களோடே ஏறிப் போய்விடுகிறார். பெண் சேலையை மாற்றிக்கொண்டு, பாத்திரம் கழுவும் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். ‘எழுத்து முடிந்தது, கலியாணம் ஆவணியில்’ என்று அயலுக்குச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், ஸ்பொன்சர் அலுவல் முடியும்வரை அந்த ஆவணி ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளிப் போகும்.

ஊர் கண்ணில் அவள் இன்னும் கலியாணம் ஆகாத பிள்ளை. சட்டத்தின் கண்ணில் அவள் மனைவி. இந்த இடைவெளியில் உறவு முறிந்தால் நடப்பவை இவை:

1. ‘சம்பந்தம் நின்றுபோச்சு’ என்று சொல்லி முடிக்க முடியாது. விவாகரத்துக்கு அல்லது, அதற்கான தனிக் காரணம் இருந்தால், விவாகம் செல்லாது என்ற தீர்ப்புக்கு நீதிமன்றம் போயே ஆக வேண்டும்.

2. கட்டளை முற்றாகும்வரை இருவரில் எவரும் வேறு திருமணம் செய்ய முடியாது. செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட.

3. ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாதிருந்தாலும், பத்திரங்களில் அவள் அதற்குப் பிறகு ‘விவாகரத்தானவர்’. புரோக்கர் கொண்டுவரும் அடுத்த சம்பந்தத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய பாரம் அவள்மேல் விழுகிறது.

எழுத்துக்கு முன்னர் நிச்சயம் மட்டும் முறிந்தால் கதை வேறு. யாரையும் கட்டாயப்படுத்திக் கலியாணம் செய்விக்கச் சட்டம் இல்லை. நட்டஈடு கேட்கலாம். ஆனால் திருமண வாக்குறுதி தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோயிலில் வைத்துச் சொன்ன வாய்ச்சொல் போதாது.

ஆகவே ஒரு பெண் எழுத்துக்கு முதல் கிழமை ‘எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்’ என்றால், தயவுசெய்து அவளுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். ‘எழுத்துத்தானே, கலியாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது’ என்ற சமாதானம் அந்த இடத்தில் பிழையானது.

பெட்டி யாருடைய கையில்?

கடைசியாக அந்தப் பெட்டிக் காட்சிக்குத் திரும்புவோம். மருமகள் பெட்டியோடு வெளியேறும் காட்சிக்கு அடியில் ஒரு வழமை இருக்கிறது: கலியாணம் ஆனதும் பெண் புருஷன் வீட்டுக்குப் போவாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்பு. தமிழ்நாட்டு நாடகத்தின் பாதிச் சண்டை அந்த ஒற்றை அடுப்பில் பற்றுவது.

கிழக்கில் பல குடும்பங்களில் மகளுக்குத்தான் வீடு. தகப்பன் ஓய்வூதியத்தில், அண்ணன் வெளிநாட்டுக் காசில், கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய சீதன வீடு. கலியாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருகிறார். இந்த வீடுகளில் பிரிவு வந்தால் பெட்டியோடு படலையைத் தாண்டுவது பெரும்பாலும் ஆண். அம்மம்மாக்கள் நாடகத்தைப் பார்த்து ‘ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு கிடக்கிறது, தன் வீட்டில் இருக்க வேண்டியதுதானே?’ என்று கேட்பது இதனால்தான். அது நல்ல கேள்வி. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதன் பெறுமதியை அவர்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

ஆனால் எல்லாச் சீதன வீடும் பெண்ணின் பெயரில் மட்டும் இருப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று சில வீட்டு உறுதிப் பத்திரங்கள் இருவர் பெயரிலும் எழுதப்படுகின்றன. அப்படி எழுதினால் அவரும் உரிமையாளர். சுவர் எழுப்பிய தகப்பன் உயிரோடு இருந்தாலும், அந்தப் பங்கு விவாகரத்தோடு தானாக மறைந்துவிடாது. சில வீடுகளில் உறுதியே எழுதப்படாமல் ‘கொடுத்தாயிற்று’ என்ற வாய்ப்பேச்சில் கிடக்கிறது. அப்போது வீடு இன்னும் தகப்பனுக்கே சொந்தம்.

மகளை அழைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போகும் தாய், யார் என்ன சொன்னார், மச்சாள் எப்படிப் பார்த்தாள், எந்தத் தைப்பொங்கலன்று சண்டை தொடங்கியது என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். சட்டத்தரணி கேட்கப் போவது வேறு: எழுத்து எந்தத் திகதி? சேர்ந்து வாழ்ந்தீர்களா, எவ்வளவு காலம்? விலகிப் போனது யார், எப்போது? பிள்ளைகள் யாரோடு? வீட்டு உறுதி யார் பெயரில்? இவற்றில் பலவற்றுக்கு விடை பக்கத்தில் பேசாமல் இருக்கும் மகளுக்குத்தான் தெரியும். அவளிடம் அதை வீட்டில் யாரும் இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள்.